திருநெல்வேலிக்கு 108 குறி

தமிழ் விக்கிப்பீடியாவில் 'திருநெல்வேலி' பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள முகவரியை நகலெடுத்து நண்பர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஊர்ப் பெயர் போய்ச் சேராது. சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக நீண்ட வால்தான் சேரும். வைரஸ் என்று பயந்து அழித்துவிடுகிறவர்கள் நம் வயதுக்காரர்களில் உண்டு. அந்த வால் நம் ஊர்ப் பெயர்தான்.

வலை முகவரிக்கான விதிகளை டிம் பெர்னர்ஸ்-லீயும் வேறு இருவரும் 1994 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே முகவரியில் வரலாம். மற்றவற்றைக் கணினி எண்ணாக்கி, முன்னால் % போட்டு எழுத வேண்டும். இடைவெளி விட்டால் %20. ஆனால் ஆங்கிலம் அல்லாத எழுத்துக்கு எந்த எண் என்பதை அப்போது அறுதியிடவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் தலைமேல் சாய்கோடு இட்ட 'எ' ஒன்று உண்டு. அதற்கு ஒரு தளத்தில் ஒரு %, வேறொரு தளத்தில் இரண்டு %. 2005 ஜனவரியில் வந்த திருத்திய விதி, இனி வருபவை யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் இருக்க வேண்டும் என்றது. குழப்பம் மெல்ல அடங்கியது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருநெல்வேலி நம் கணக்கில் 6 எழுத்து. யூனிகோடில் 'த' தனி, அதன் மேல் கொக்கி தனி; 'ல' தனி, புள்ளி தனி. ஆக 12. ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்றால் 36. ஒரு பைட்டை எழுத, % சேர்த்து 3 குறி. மொத்தம் 108. அர்ச்சனைக் கணக்கு!

வெள்ளைக்காரன் இதே பெயரைத் 'தின்னவெல்லி' என்று சுருக்கினான். கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட வரலாற்று நூலின் தலைப்பிலும் அதுதான். படிக்க லேசு, ஆனால் அதிலிருந்து 'திரு'வை யார் மீட்பது? 108 குறி பார்க்க விகாரம்தான், ஒரு புள்ளிகூடத் தொலையவில்லை. கணினி அப்படியே திருப்பித் தந்துவிடும்.

எப்போது இப்படி மாற்ற வேண்டும்? முகவரிக்குள் நாம் வைக்கும் பெயரையும் தேடுசொல்லையும் மட்டும். /, ?, & போன்றவை முகவரியில் தனி வேலை உள்ள குறிகள்; அவற்றை அந்தந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். அவையே தேடுசொல்லுக்குள் வந்தால் மாற்ற வேண்டும். 'அல்வா & மிக்சர்' என்று தேடும்போது & என்பது %26 ஆகாவிட்டால், தேடல் அல்வாவோடு நின்றுவிடும், மிக்சர் கிடைக்காது. ஏற்கெனவே மாறி வந்ததை மறுபடி மாற்றவும் கூடாது. % குறிக்கே %25 என்று எண் உண்டு. ஆகவே %20 இரண்டாம் முறை %2520 ஆகிவிடும். முகவரி எழுதிய உறையை இன்னொரு உறைக்குள் போட்டு ஒட்டிய மாதிரி, தபால்காரர் வெளியுறையை மட்டும்தான் படிப்பார்.