பேயாகிப் போன மாரன்

ஓசூர்ச் சந்தையில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்து ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். எல்லையைக் கடக்கும் சொல் சில வேளை தன் பொருளையும் மாற்றிக்கொள்ளும். சீனமொழியில் கொடிய அரக்கனைக் குறிக்கும் ‘மோ’ என்னும் சொல் இதற்குச் சான்று. அதன் பிறப்பிடம் எது தெரியுமா? நம் ‘மாரன்’தான்!

வடமொழியில் ‘மார’ என்றால் கொல்பவன். தமிழில் மாரன் என்றால் மன்மதன். பௌத்த நூல்களிலோ அவன் புத்தரின் தவத்தைக் கலைக்க முயன்ற பகைவன். அந்நூல்களைச் சீனத்தில் பெயர்த்தோர் அவன் பெயரை ‘மோலுவோ’ என ஒலிபெயர்த்தனர். அது ‘மோ’ என்று சுருங்கிற்று. முதலில் அதற்கு ‘அரைத்தல்’ என்னும் சொல்லின் எழுத்தையே இரவல் வாங்கினர். 502 முதல் 549 வரை ஆண்ட லியாங் மன்னர் ஊ, அவ்வெழுத்தின் அடியிலிருந்த ‘கல்’ உறுப்பை நீக்கிப் ‘பேய்’ உறுப்பை அமைத்தார் என்பது மரபுச் செய்தி.

இன்று சீனத்தில் ‘மோகுய்’ என்றால் பிசாசு. ‘மோஷு’ என்றால் செப்பிடு வித்தை. இங்கே காதலின் தலைவன், அங்கே பேய்! அயல்மொழிச் சொல் அச்சுறுத்தினால் அஞ்ச வேண்டாம். அது நம் வீட்டிலிருந்து புறப்பட்டதாகவும் இருக்கலாம்.