தூதுவர் சொல்லும் இயந்திரச் சொல்லும்

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து அப்பர் புக்கிட் தீமா சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் பழைய ஃபோர்டு தொழிற்சாலைக் கட்டடத்தைக் காணலாம். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் மாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவிடம் சரணடைந்த இடம் அதுவே. அந்நிகழ்வைப் போர் வரலாறாக நாம் கற்கிறோம்; மொழி வரலாறாகவும் கற்றல் தகும். பேச்சு மொழிபெயர்ப்பாளர் வழியே நடந்தது. பெர்சிவல் விளக்கம் நாடியபோது, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் விடையையே யமாஷித்தா வற்புறுத்தினார். அக்கடுமையை வென்றவரின் செருக்காகக் கொள்வாரும் உளர். மொழிபெயர்ப்பில் நேர்ந்த இடர்ப்பாட்டின் விளைவாகக் கொள்வாரும் உளர்.

இருவருக்கு இடையில் நிற்கும் சொல் பிறழ்ந்தால் என்ன நேரும் என்பதற்கு ஆப்பிரிக்க வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. 1889இல் எத்தியோப்பியாவும் இத்தாலியும் உச்சாலே உடன்படிக்கையைச் செய்துகொண்டன. பிற அரசுகளுடன் தொடர்புகொள்ள மன்னர் மெனெலிக் இத்தாலியின் துணையை நாடலாம் என்றது அதன் 17ஆம் பிரிவின் அம்ஹாரிக் வடிவம். நாட வேண்டும் என்னும் பொருளைத் தந்தது இத்தாலிய வடிவம். விருப்பம் கடமையாயிற்று. எத்தியோப்பியா தன் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடு என இத்தாலி உரிமை கொண்டாடியது. பூசல் முற்றி, 1896இல் அட்வாப் போரில் முடிந்தது. அதில் எத்தியோப்பியா வென்றது. எனினும் இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இன்று அந்த இடைநிலையில் செயற்கை நுண்ணறிவு வந்து நிற்கிறது. நீண்ட அறிக்கைகளைச் சுருக்கவும், உரைகளை வரையவும், பன்மொழி ஆவணங்களை ஒப்பிடவும் அது உதவுகிறது. ஆள்பலம் குறைந்த சிறிய நாடுகளுக்கு இத்துணை பெரிது. அதனை ஆளும் நெறியும் இன்று வெளியுறவுப் பொருளாகிவிட்டது. 1992இல் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தில் சிறிய நாடுகள் மன்றம் தோன்ற முன்னின்ற சிங்கப்பூர், 2024இல் ருவாண்டாவுடன் இணைந்து சிறிய நாடுகளுக்கான செயற்கை நுண்ணறிவுக் கையேட்டை வெளியிட்டது.

ஆயினும் இயந்திரம் சொல்லைத் தேரும் முறையை நாம் அறிந்திருத்தல் வேண்டும். தான் பயின்ற பெருந்தொகுதியைக் கொண்டு, அடுத்து வரும் வாய்ப்பு மிகுந்த சொல்லை அது கணிக்கிறது. மிகுதியாக வழங்குவதெல்லாம் அவ்விடத்துக்குப் பொருந்துவதாகாது. ‘நாடலாம்’ என நிற்க வேண்டிய இடத்தில் ‘நாட வேண்டும்’ என வரினும் வாக்கியம் வழுவின்றியே இருக்கும். படிப்பவர் கண்ணுக்குப் பிழை தோன்றாது. பயில்வதற்குரிய எழுத்துத்தொகுதி சிறிதாயுள்ள மொழிகளில் இவ்விடர் மேலும் மிகும்.

திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூது. தூதுவருக்குச் சொல்வன்மை இன்றியமையாதது என்கிறார் வள்ளுவர். ஆனால் அதிகாரத்தை அவர் முடிக்கும் இடம் வேறு. தன் உயிருக்கே இறுதி நேர்வதாயினும் அஞ்சாது, தன் அரசனுக்கு நன்மை தேடித் தருபவனே தூதுவன் என்பது இறுதிக் குறளின் கருத்து. சொல்வன்மையை இயந்திரம் ஓரளவு கைக்கொள்ளும். சொன்ன சொல்லுக்காக இழப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை.

ஆதலின், இயந்திரம் வரைந்த ஒவ்வொரு வரியையும் இரு மொழியும் வல்ல ஒருவர் படித்து, தம் பொறுப்பில் ஏற்ற பின்னரே அது அரசின் சொல்லாதல் வேண்டும். அத்தகையோரை உருவாக்கும் பணி வகுப்பறையில் தொடங்குகிறது. ‘தரலாம்’ என்பதற்கும் ‘தர வேண்டும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் இலக்கணப் பாடமாக மட்டும் நடத்துகிறோம். ஒரு நாட்டின் உரிமை அவ்வேறுபாட்டில் தங்கியிருந்தது என்பதையும் மாணவர்க்குச் சொல்வோம்.