ஒன்று எப்போது இரண்டாகிறது? ரோபோ போட்டிகளும் ‘பிரியாமை’ விதியும்

புனே நகரின் மேற்கு விளிம்பில், தளேகாவ் செல்லும் திசையில் உள்ளது பாலேவாடி. ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002இல் டோக்கியோவில் தொடங்கிய ‘ரோபோகான்’ மாணவர் போட்டியின் பன்னாட்டுச் சுற்று, 2008இலும் 2014இலும் இங்குள்ள விளையாட்டு வளாகத்தில் நடைபெற்றது. முதல் முறை சீனத்தின் சியான் ஜியாவோதோங் பல்கலைக்கழகமும், அடுத்த முறை வியட்நாமின் லாக் ஹொங் பல்கலைக்கழகமும் வென்றன. வென்றோரின் பெயர்கள் பதிவாகியுள்ளன. ஆனால் களத்தில் எதை ‘ஒரு ரோபோ’ என எண்ணுவது என்று வரையறுத்த விதி வரலாற்றில் அதிகம் பேசப்படுவதில்லை.

ரோபோ துணை அலகுகளாகப் பிரியக்கூடாது. நெகிழும் வடங்களால் பிணைக்கப்பட்ட அலகுகளாகவும் இருக்கக்கூடாது. ஆட்டம் ஆண்டுதோறும் மாறினாலும் ரோபோகான் விதிநூல்களில் இந்நிபந்தனை மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. இது வெறும் பாதுகாப்பு விதியன்று. ரோபோக்களின் எண்ணிக்கை, அளவு, எடை ஆகிய மூன்று வரம்புகளும் இதனையே சார்ந்துள்ளன. தொடக்கத்தில் அளவுக்குள் அடங்கிநின்ற பொறி, பின்னர் ஓர் உறுப்பைக் கழற்றி எதிரணியின் வழியை அடைக்க முடியுமாயின் அவ்வரம்புகள் பொருளிழக்கும்.

வெக்ஸ் போட்டியின் விதிகள் இங்கே நோக்கத்தையும் கருதுகின்றன. வேண்டுமென்றே உறுப்பைக் கழற்றிக் களத்தில் விடுவது மீறல். தற்செயலாக உதிர்ந்த உறுப்போ, அதன்பின் அந்த ரோபோவின் பகுதியாகவே கொள்ளப்படுவதில்லை. ஆயினும் நோக்கத்தை நடுவர் கண்ணால் காண இயலாது. பல மாத உழைப்பின் பயன் சில நொடிகளில் தீர்மானிக்கப்படும் இடம் இதுவே.

பிரிதலை ஆட்டமே வேண்டிநின்றதும் உண்டு. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் போட்டியில், 2011ஆம் ஆண்டு ஆட்டத்தின் இறுதி நொடிகளில் பெரிய ரோபோ ஒரு சிற்றுருவைக் கம்பத்தில் விடுவிக்க, அது தானே மேலேறியது. அங்கே பிரிவு தந்திரமன்று. அச்சிற்றுருவுக்கெனத் தனிப் பெயரும் தனி விதிகளும் இருந்தன.

புனேயின் 2014 ஆட்டம் வேறு வழியில் சென்றது. பெற்றோர் ரோபோவை மாணவர் இயக்கினர். குழந்தை ரோபோ தானியங்கி. முன்னது பின்னதைச் சுமந்து சென்று ஏற்றப்பலகையிலும் ஊஞ்சலிலும் அமர்த்தியது. கம்பங்களின்மீது நடப்பதையும் ஏணிச்சட்டத்தில் ஏறுவதையும் குழந்தையே செய்தது. ஒன்றாய்ச் சேர்ந்து நகர்ந்தபோதும் அவை இரண்டாகவே எண்ணப்பட்டன.

இச்சிக்கல் தமிழ் இலக்கண மாணவர்க்குப் புதிதன்று. இடைச்சொல் தனித்து இயங்காது, பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும் என்பது தொல்காப்பிய மரபு. எனினும் அது சொல்லாகவே எண்ணப்படுகிறது. சேர்ந்து நிற்பதும் பிரிந்து நிற்பதும் மட்டுமே எண்ணிக்கையை முடிவுசெய்வதில்லை. எதனை ஓர் அலகாகக் கொள்கிறோம் என்ற முன்முடிவே அதனை முடிவுசெய்கிறது. அம்முடிவு ஆட்டத்திற்கு முன்பே தெளிவான சொற்களில் எழுதப்பட்டிருந்தால், நடுவர் தம் ஊகத்தை நாட வேண்டிய தேவை குறையும். மாணவரும் எதற்காகத் தோற்றோம் என்பதையாவது அறிவர்.