மலையகத்து நெஞ்சும் எக்ஸ் கதிரும்

மலையகத் தோட்ட மக்களின் வரலாற்றை எழுதியோர் கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அம்மக்களின் உடலை மருத்துவம் எவ்வாறு நோக்கியது என்பது ஒப்பீட்டளவிற் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது என்பது எமது எண்ணம். நெஞ்சு எக்ஸ் கதிர்ப் படம் என்ற ஒன்றை மட்டும் முன்வைத்து அதனை இங்கு நோக்க முற்படுகிறோம்.

கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டப் பகுதிகளிற் குடியேறிய தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கெனக் கட்டளைச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நோயாளி என்பவன் உழைப்புக்குப் பயன்படாதவன் என்ற கணக்கு அதன் அடியில் இருந்தது எனக் கொள்வதில் தவறில்லை. முதலாம் உலகப்போர்க் காலத்தில் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பியக்கம் தோட்டங்களுக்கு வந்தது. அப்புழுவின் முட்டையை நுணுக்குக்காட்டியாற் காணலாம். நுணுக்குக்காட்டியையோ ஒருவர் சுமந்து லயம் வரை கொண்டுசெல்லலாம். எக்ஸ் கதிர்ப் பொறி அத்தகையதன்று. அது பாரமானது, மின்னோட்டம் வேண்டுவது, பெரும்பாலும் நோயாளியே அதனை நாடிச் செல்லவேண்டும்.

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் றொன்ட்ஜன் இக்கதிரைக் கண்டார். அவர் தம் மனைவியின் கையைப் படம்பிடித்தபோது எலும்பும் மோதிரமும் துலங்கின, தசை மங்கியது. இவ்வேறுபாடு எதனால் ஏற்படுகிறது? கதிர் உடலினுட் புகும்போது அதன் ஒரு பகுதி அணுவின் உள்ளோட்டு இலத்திரனை வெளியேற்றித் தன்னை முற்றாக இழக்கிறது. இது ஒளிமின் விளைவு. இந்நிகழ்வின் வாய்ப்பு அணுவெண்ணின் மூன்றாம் அடுக்கை ஒட்டிப் பெருகும். கதிரின் சக்தி கூடுமிடத்து விரைந்து குறையும். ஒட்சிசனின் அணுவெண் 8, கல்சியத்தினது 20. ஆதலாற்றான் எலும்பு வெண்ணிழலாக நிற்கிறது. இன்னொரு பகுதி, இலத்திரனில் மோதிச் சக்தியிற் சிறிது இழந்து திசைமாறுகிறது. 1923இல் கொம்ப்டன் விளக்கிய சிதறல் இதுவே. இது அணுவெண்ணை அதிகம் பொருட்படுத்துவதில்லை. பொருள் எத்துணைச் செறிவாக உள்ளது என்பதையே சார்ந்து நிற்கிறது.

சிதறிய கதிர் படத்துக்குப் பகை. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு இரவிற் பனிமூட்டத்தூடே வண்டி செலுத்தியோர் இதனை எளிதில் உணர்வர்: விளக்கின் ஒளி மூட்டத்திற் சிதறி, பாதையை மறைக்கும் வெண்திரையாகிவிடும். மெல்லிய ஈயத் தகடுகளை வரிசையாக அடுக்கிச் சிதறற் கதிரைத் தடுக்கும் வழியை 1913இல் பக்கி என்பார் கண்டார்.

நெஞ்சைப் பொறுத்தவரை வேறொன்றும் உண்டு. நுரையீரலும் தசையும் அணுவெண்ணால் அதிகம் வேறுபடுவனவல்ல. நுரையீரலைக் கருமையாகக் காட்டுவது அதனுள் அடங்கிய காற்றே. காசநோய் காற்றறைகளைச் சீழாலும் திசுவாலும் நிரப்புமிடத்தில் வெண்திட்டுத் தோன்றுகிறது. அத்திட்டு மட்டும் காசநோய்க்குச் சான்றாகாது. சளியிற் கிருமியைத் தேடவேண்டும். ஆயினும் எவரைத் தேடவேண்டும் என்பதை முதலிற் சுட்டுவது பெரும்பாலும் படமே.

இனி மின்சாரத்துக்கு வருவோம். தேயிலை மலைகளினூடே ஓடும் ஆற்றைக் கொண்டு இயங்கும் லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் செயற்படத் தொடங்கியது. இலங்கையின் நகரங்களுக்கு ஒளி சென்றது. அம்மலைகளின் லயங்களோ பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே கிடந்தன; சாளரமற்ற அறையில் விறகடுப்பின் புகையை அதே நுரையீரல்கள் உள்வாங்கின. மின்சாரத்துக்கு இரண்டாண்டு முன்னர், 1948இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. வாக்கற்றவனுக்கு வைத்தியசாலை கேட்பார் யார்? தோட்ட மருத்துவம் அரசின் பொதுச் சுகாதார அமைப்புக்குப் புறம்பாகவே நெடுங்காலம் இருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களின் பின்னரே அது படிப்படியாக உள்ளீர்க்கப்படலாயிற்று. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் எழுந்த வைத்தியசாலை 2017இலேயே திறக்கப்பட்டது.

நகர்வரை செல்லும் தொழிலாளிக்கு அன்றைய 'பேர்' இல்லை. (தோட்ட வழக்கில் ஒருநாட் சம்பளம் 'பேர்' எனப்படும்.) இவ்வளவையும் கடந்து பொறியின் முன் நின்ற பின்னரும் ஒன்று எஞ்சுகிறது. நுரையீரல் காற்றால் நிரம்பினாலன்றிப் படம் தெளியாது எனக் கண்டோம். ஆகவே, மூச்சை முழுதும் உள்ளிழுத்துப் பிடிக்குமாறு நோயாளிக்குக் கூறல் வேண்டும். எந்த மொழியில்? 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே தமிழும் அந்நிலை எய்தியது. கட்டளை விளங்காது அரைமூச்சில் நின்ற கொழுந்து பறிப்பவளின் படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கி வெளிறிக் காணும். இதயம் பெருத்தது போலவும் தோன்றும். தேர்ந்த வைத்தியர் விலா எலும்புகளை எண்ணி அவள் எவ்வளவு மூச்செடுத்தாள் என அறிந்துகொள்வார். அவள் ஏன் அவ்வளவே எடுத்தாள் என்பது படத்திற் பதிவதில்லை.