சூப்பர்மேன் (1978 திரைப்பட இசை)

சூப்பர்மேன் திரைப்பட இசை என்பது ரிச்சர்ட் டோனரின் இயக்கத்தில் 1978 ஆம் ஆண்டு வெளியான சூப்பர்மேன் என்னும் ஆங்கிலத் திரைப்படத்திற்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த பின்னணி இசை ஆகும். இதனை இலண்டன் சிம்பொனி இசைக்குழு இசைத்தது. முதலில் இப்பணிக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் கருதப்பட்டிருந்தார்.

தொடக்க அணிநடை இசையில் வரும் மூன்று சுர முழக்கம் நாயகனின் பெயரையே உச்சரிப்பதாக இரசிகர்கள் கூறுவர். டோனரின் கருத்தும் அதுவே. ஒருமுறை அவ்வாறு கேட்டவர்க்குப் பின்னர் வேறுவிதமாகக் கேட்பது அரிது. காதல் இசைப்பகுதிக்கு லெஸ்லி பிரிக்கஸ் வரிகள் எழுதினார். பறக்கும் காட்சியில் நடிகை மார்கொட் கிடர் அவற்றைப் பாடாமல் மனத்துள் பேசுவதாக அமைத்தனர். இதனை விரும்பாத இரசிகர்களும் உளர்.

ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோதும், ஜார்ஜியோ மொரோடர் மின்னணுக் கருவிகளால் அமைத்த மிட்நைட் எக்ஸ்பிரஸ் இசையே அவ்விருதைப் பெற்றது. கிராமி விருது இவ்விசைக்குக் கிடைத்தது.

1978 இல் வெளியான இரட்டை இசைத்தட்டில் படத்தின் இசை முழுமையாக இடம்பெறவில்லை. விடுபட்ட பகுதிகளை, வசனமும் பிற ஓசைகளும் கலவாமல் மூலப் பதிவிலேயே கேட்க, 2000 ஆம் ஆண்டின் இரட்டைக் குறுந்தட்டு வரை இரசிகர்கள் காத்திருக்க நேர்ந்தது. பின்வந்த படங்களின் இசையையும் உள்ளடக்கிய எட்டுக் குறுந்தட்டுத் தொகுப்பு 2008 இல் வெளிவந்தது. சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ் (2006) படத்திற்கு இசையமைத்த ஜான் ஓட்மன், அதே அணிநடை இசையை மீண்டும் கையாண்டார்.