படம் பார்த்துப் பிழைத்தவர்கள்

ஆபத்துக் காலத்தில் உயிர் பிழைப்பது எப்படி என்று சொல்லித் தரும் டிவி நிகழ்ச்சிகளை நம் வயதுக்காரர்கள் பலரும் வேடிக்கையாகத்தான் பார்க்கிறோம். வெள்ளைக்காரர் ஒருவர் காட்டில் போய் இறங்குவார், புழுவைப் பிடித்து வாயில் போட்டுக்கொள்வார், பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள். இதனால் யாராவது எப்போதாவது பிழைத்திருக்கிறார்களா? ஓய்வுக்காலத்தில் கிடைத்த நேரத்தில் இந்த வகை நிகழ்ச்சிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். சிரிக்கவும் விஷயம் இருந்தது, நெஞ்சு கனக்கவும் இருந்தது.

கதை தொடங்குவது அணுகுண்டு பயத்தில். 1949இல் சோவியத் நாடு அணுகுண்டு வெடித்துப் பார்த்ததும் அமெரிக்காவுக்குக் கிலி பிடித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘டக் அண்ட் கவர்’ என்ற குறும்படத்தை அரசே எடுக்கச் செய்து 1952இல் வெளியிட்டது. பத்து நிமிடம்கூட ஓடாது. பெர்ட் என்ற கார்ட்டூன் ஆமை ஆபத்து வந்தால் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும். அதுபோல, வெளிச்சம் பளிச்சிட்டால் மேசைக்கடியில் புகுந்து கழுத்தை மூடிக்கொள் என்பது பாடம். அணுகுண்டுக்கு மேசைப் பலகை தடுப்பா என்று பிற்காலத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள்.

ஆனால் 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. வெளிச்சத்தைப் பார்த்த ஒரு பள்ளி ஆசிரியை தன் வகுப்பின் 44 பிள்ளைகளையும் மேசைக்கடியில் போகச் சொன்னார். சற்றுப் பொறுத்து அதிர்வலை வந்து ஜன்னல் கண்ணாடிகளை நொறுக்கியது. ஆசிரியைக்குக் கையில் ஆழமான வெட்டு. பிள்ளைகளுக்குக் காயமில்லை. அன்று அந்தப் பகுதியில் ஆயிரம் பேருக்கு மேல் காயம், பெரும்பாலும் கண்ணாடி பட்டுத்தான். ஆமை சொன்ன பாடம் முழுப் பொய்யல்ல.

அடுத்தது இங்கிலாந்து. ‘புரொடெக்ட் அண்ட் சர்வைவ்’ என்று 20 குறும்படங்களை 1970களில் அரசு தயாரித்தது. வீட்டுக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்து அதற்குள் பதுங்குவது எப்படி, தண்ணீர் சேமிப்பது எப்படி என்றெல்லாம் சொல்லும் படங்கள். போர் நிச்சயம் என்று தெரிந்த கடைசி நாட்களில் மட்டுமே ஒளிபரப்புவது என்று முடிவு செய்து பூட்டி வைத்துவிட்டார்கள். 1980இல் பிபிசியின் ஒரு நிகழ்ச்சி அவற்றில் சில பகுதிகளை வெளியே கொண்டுவந்துவிட்டது. மக்கள் பயந்தார்கள், கோபப்பட்டார்கள், கேலியும் செய்தார்கள். கதவைக் கழற்றச் சொல்லும் பாடத்தைக் கடைசி நேரத்தில் சொன்னால் எத்தனை பேரால் செய்ய முடியும்? வெள்ளம் வந்த பிறகு நீச்சல் வகுப்பு நடத்துவது போலத்தான்.

உண்மையிலேயே பலன் தந்த நிகழ்ச்சி அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் 1989இலிருந்து 1996 வரை ஓடிய ‘ரெஸ்க்யூ 911’. நம் 108 போல அங்கே 911. அந்த எண்ணுக்கு வந்த உண்மையான அழைப்புகளை எடுத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி நடித்துக் காட்டுவார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ நடிகர் வில்லியம் ஷாட்னர் தொகுத்து வழங்கினார். தாய் மயங்கி விழுந்ததும் சின்னப் பிள்ளை போன் செய்தது, தொண்டையில் உணவு அடைத்தவரைப் பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியால் உள்ளும் மேலுமாக அழுத்திக் காப்பாற்றியது, இப்படி எல்லாம் வீட்டில் நடக்கும் சங்கதிகள். நிகழ்ச்சியைப் பார்த்து அதன்படி செய்ததால் பிழைத்தோம் என்று கடிதங்கள் வரத் தொடங்கின. நூறு உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று ஒரு சிறப்பு நிகழ்ச்சி, பிறகு இருநூறு என்று இன்னொன்று, அந்தச் சேனலே ஒளிபரப்பியது.

2000க்குப் பிறகு காட்டுக் காலம் வந்தது. கனடாக்காரர் லெஸ் ஸ்ட்ராவுட் தன் கேமராக்களைத் தானே சுமந்துகொண்டு தனியாகக் காட்டில் தங்கிப் படமெடுத்தார். 2006இல் பேர் கிரில்ஸ் வந்தார். சில இரவுகளை அவர் ஹோட்டலில் கழித்தார் என்ற செய்தி மறு வருடமே வெளியாகி, நிகழ்ச்சியில் விளக்கக் குறிப்புப் போட வேண்டியதாயிற்று. ஆனாலும் புகழ் குறையவில்லை. 2020இல் நம் ரஜினிகாந்தே அவரோடு பந்திப்பூர் காட்டுக்குப் போய் வந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம்மில் எத்தனை பேர் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் வழி தவறப் போகிறோம்? நமக்கு ஆபத்து மழையில், புயலில், மின்கம்பியில், கேஸ் அடுப்பில், கடலில்.

கடல் என்றதும் 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே நிலநடுக்கம் நம் நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில். நம் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எவ்வளவோ செய்திருக்கலாம். எங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது, கரையோர வீடுகளிலும் ஓடியிருக்கும். ஒரு வரி எச்சரிக்கை வரவில்லை. மாமல்லபுரம் போன்ற இடங்களில் கடல் உள்வாங்கி, அதுவரை கண்டிராத பாறைகள் வெளியே தெரிந்தன. அது ஓட வேண்டிய நேரம் என்று சொல்லித் தந்தவர் யாருமில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள்.

அதே காலையில் நிக்கோபாரின் தெரேசா தீவில் துறைமுக ஊழியர் ஒருவருக்கு, நேஷனல் ஜியோகிராபிக் சேனலில் எப்போதோ பார்த்த சுனாமிப் படம் நினைவுக்கு வந்தது. நிலம் ஆடியதும் அவர் மக்களை மேட்டுக்கு ஓடச் செய்தார். சுமார் 1,500 பேர் பிழைத்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. தாய்லாந்துக் கடற்கரையில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, தண்ணீர் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து அப்பா அம்மாவிடம் கத்தினாள். இரண்டு வாரத்துக்கு முன் பள்ளியில் 1946 ஹவாய் சுனாமியின் படத்தைக் காட்டியிருந்தார்கள். அந்தக் கடற்கரை காலியானது, நூறு பேர் தப்பினார்கள்.

இரண்டு இடத்திலும் காப்பாற்றியது ஒரே ஒரு பாடம். அதைக் கற்க வீரம் வேண்டாம், கத்தியும் கயிறும் வேண்டாம். ஆபத்து வருவதற்கு முன்பே, சாதாரண நாளில், கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜப்பான்காரர்கள் இதை உணர்ந்தார்கள். 2011 சுனாமிக்குப் பிறகு என்எச்கே தொலைக்காட்சி எச்சரிக்கை சொல்லும் முறையையே மாற்றிக்கொண்டது. 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பத்தில் நிலம் அதிர்ந்தபோது, செய்தி வாசித்த பெண்மணி நிதானமாகப் படிக்கவில்லை, இப்போதே ஓடுங்கள் என்று குரலை உயர்த்திக் கட்டளையிட்டார்.

நம்மிடம் 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. நல்லது. ஆனால் மையம் சொல்வதை வீட்டிலிருப்பவர்கள் புரிந்துகொண்டு செய்ய வேண்டுமே. மாலை சீரியல்களுக்கு நடுவே தினமும் அரை நிமிடம் தமிழில் ஒரு பாடம் காட்டினால், ஒரே வருடத்தில் ஊருக்கே மனப்பாடமாகிவிடும். நகை விளம்பரப் பாட்டெல்லாம் நமக்கு அப்படித்தானே மனப்பாடமாயிற்று!

அது நடக்கும்போது நடக்கட்டும். இன்றிரவு சாப்பிடும்போது வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: கடல் திடீரென உள்வாங்கினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? கேஸ் நாற்றம் வந்தால் எதைத் தொடக்கூடாது? கரையிலிருந்து விலகி மேட்டுக்கு என்றும், எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றும் எல்லோரும் உடனே சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் நீங்களே சொல்லிக் கொடுங்கள்.