பணியிடத்தில் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு

பணியிடத்தில் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு என்பது அலுவலகம், தொழிற்சாலை, அரசுத் துறை முதலிய இடங்களில் பணியாளர்கள், உரை, படிமம், ஒலி, கணினி நிரல் ஆகியவற்றை ஆக்கித் தரும் கருவிகளைத் தம் வேலைக்குப் பயன்படுத்துவதைக் குறிக்கும். சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட், கிளாட் முதலியன இவ்வகைக் கருவிகள் ஆகும். கடித வரைவு, மொழிபெயர்ப்பு, நீண்ட ஆவணங்களைச் சுருக்குதல், நிரல் எழுதுதல் போன்றவற்றுக்கு இவை பெரிதும் பயன்படுகின்றன. அதே வேளையில் இரகசியத் தகவல் வெளியேறுதல், பொய்யான தகவல் ஆவணங்களில் நுழைதல், பிழைக்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற குழப்பம் ஆகிய இடர்களும் இவற்றோடு வருகின்றன. இக்கட்டுரை அவ்விடர்களையும் பாதுகாப்பான பயன்பாட்டு நெறிகளையும், சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றின் தொழிற்சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

செயற்படும் முறை

உரை ஆக்கும் கருவிகளின் அடிப்படை பெருமொழி மாதிரி ஆகும். 2017 ஆம் ஆண்டில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்னும் கட்டமைப்பே இன்றைய பெரும்பாலான மாதிரிகளுக்கு அடித்தளமாக அமைந்தது. மிகப் பெரிய அளவிலான உரைத் தொகுப்பில் பயிற்சி பெற்ற மாதிரி, கொடுக்கப்பட்ட சொற்களுக்கு அடுத்து எந்தச் சொற்கூறு வருவதற்கு வாய்ப்பு மிகுதி என்பதைக் கணக்கிட்டு விடையைத் தொடுக்கிறது. 2022 நவம்பர் 30 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பின்னரே இவை பணியிடங்களில் விரைந்து பரவின.

இம்முறையின் இரு விளைவுகளைப் பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, மாதிரி உண்மையைத் தேடிப் பார்த்துச் சொல்வதில்லை. பொருத்தமாகத் தோன்றும் தொடரை ஆக்குகிறது. இணையத் தேடலுடன் இணைக்கப்பட்ட கருவிகளில் இக்குறை குறைகிறதே தவிர நீங்குவதில்லை. இரண்டாவது, பயனர் தட்டச்சு செய்வது பெரும்பாலும் அவரது கணினியில் தங்குவதில்லை. சேவை நிறுவனத்தின் வழங்கிக்குச் செல்கிறது. அது அங்கு எவ்வளவு காலம் சேமிக்கப்படும், மாதிரியின் பயிற்சிக்குப் பயன்படுத்தப்படுமா என்பன அந்தந்தச் சேவையின் விதிகளையும் கணக்கின் வகையையும் பொறுத்தவை.

மேற்குச் சென்னைப் புறநகரின் தொழிற்சூழல்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தானுந்து உதிரிபாகங்கள், பொறியியல் பொருட்கள் முதலியவற்றைச் செய்யும் சிறு, குறு நிறுவனங்கள் இங்கு மிகுதி. பின்னர் இப்பகுதியில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அயல்நாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பணி செய்து தரும் சேவை நிறுவனங்களும் அமைந்தன. ஆவடியில் 1961 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அர்ஜுன் பீரங்கி வண்டியை வடிவமைத்த போர் ஊர்தி ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனமும் உள்ளன. ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 21 தளங்கள் கொண்ட டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. பூந்தமல்லியைச் சுற்றியும் தொழிற்கூடங்களும் கிடங்குகளும் பெருகியுள்ளன.

ஒரே வட்டாரத்தில் லேத்துப் பட்டறையும், மென்பொருள் அலுவலகமும், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையும் அமைந்திருப்பதால், ஒரே கருவி இடத்துக்கு இடம் வேறுபட்ட இடரைத் தருகிறது. பெரிய மென்பொருள் நிறுவனங்களில் தகவல் பாதுகாப்புக்கெனத் தனிப்பிரிவு இருக்கும். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் உரிமையாளரே கணக்கர், கொள்முதல் அலுவலர், தரப் பொறுப்பாளர் எல்லாம் ஆவார். அவரது கைப்பேசியே அலுவலகக் கணினியும் ஆகும். எழுதப்பட்ட விதி எதுவும் இன்றிக் கருவிகள் முதலில் நுழைவது இத்தகைய இடங்களிலேயே எளிது.

இடர்கள்

தகவல் கசிவு

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்கொரியாவின் சாம்சங் நிறுவனப் பொறியாளர்கள் தம் நிறுவனத்தின் மூல நிரலைச் சாட்ஜிபிடியில் இட்டது தெரியவந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் தன் பணியாளர்கள் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அவர்கள் தீய நோக்கத்துடன் செயற்படவில்லை. வேலையை விரைவில் முடிக்கவே முயன்றனர். கசிவுகள் பலவும் இவ்வாறே நிகழ்கின்றன. 2023 மார்ச்சில் சாட்ஜிபிடியில் ஏற்பட்ட மென்பொருள் வழுவினால் சில பயனர்களின் உரையாடல் தலைப்புகள் பிறர் கண்ணில் பட்டன.

அம்பத்தூர்ப் பட்டறைகளில் இதற்கு ஒப்பான பொருள் வாடிக்கையாளர் தரும் டிராயிங் எனப்படும் பொறியியல் வரைபடம் ஆகும். அது பட்டறையின் சொத்து அன்று. இரகசியக் காப்பு ஒப்பந்தத்தின் கீழ் வந்த வரைபடத்தைப் படமெடுத்து ஒரு கருவியில் ஏற்றினால், பிறர் எவரும் அதைப் பார்க்காவிடினும் ஒப்பந்தம் மீறப்பட்டதாகக் கொள்ளப்படலாம். சிறு பட்டறைக்கு ஒரு பெரிய வாடிக்கையாளரை இழப்பது தொழிலையே இழப்பதற்குச் சமம்.

மாயவுரை

இல்லாத ஒன்றை இருப்பதாக உறுதிபடக் கூறும் பிழை மாயவுரை எனப்படும். 2023 ஜூனில், சாட்ஜிபிடி புனைந்த வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. இந்தியாவில், வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு 2024 டிசம்பரில் வழங்கிய ஓர் ஆணை, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியிருந்தமையால் திரும்பப் பெறப்பட்டது. 2025 அக்டோபரில் டெலாய்ட் நிறுவனம், பிழையான மேற்கோள்கள் கொண்ட ஓர் அறிக்கைக்காக ஆஸ்திரேலிய அரசுக்குக் கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

தொழிற்கூடத்தில் மாயவுரை உடலுக்கும் ஊறு விளைவிக்கும். கணினிவழி இயங்கும் சிஎன்சி எந்திரத்துக்குக் கருவி எழுதித் தரும் நிரலில் ஒரு குறி பிறழ்ந்தாலும் வெட்டுளி வேலைப்பொருளின் மீதோ பிடிப்பானின் மீதோ விரைந்து மோதலாம். ஆகவே அத்தகைய நிரல் முதலில் திரையில் பாவனையாக ஓட்டப்பட்டு, பின்னர் எந்திரத்தில் வரிவரியாக, வெட்டாமல் சோதிக்கப்படல் வேண்டும். வெட்டு வேகம் போன்ற எண்களை வெட்டுளி உற்பத்தியாளரின் கையேட்டுடன் ஒப்பிடுதல் வேண்டும்.

மொழிசார் பிழைகள்

பயிற்சித் தரவில் ஆங்கிலத்தின் பங்கு மிகுதியாகவும் தமிழின் பங்கு குறைவாகவும் இருப்பதால், தமிழ் வெளியீட்டில் பிழைகள் கூடுதலாக இருக்கக்கூடும். வாக்கியம் சரளமாக அமைவதால் பிழை எளிதில் தென்படுவதில்லை. எதிர்மறை வினைகள், சட்டச் சொற்கள், அளவைகள் ஆகியவற்றில் தனிக் கவனம் தேவை. புறநகர்த் தொழிற்கூடங்களில் ஒடிசா, பீகார், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களைச் சேர்ந்த தொழிலாளர்களும் பணிபுரிகின்றனர். பாதுகாப்பு அறிவிப்புகளை அவர்களின் மொழிகளில் உடனுக்குடன் ஆக்கித் தருவது இக்கருவிகளின் உண்மையான பயன்களில் ஒன்றாகும். எனினும் அம்மொழியை அறிந்த ஒருவர் படித்துப் பார்த்த பின்னரே அறிவிப்பு சுவரில் ஒட்டப்பட வேண்டும். "தொடாதே" என்பது "தொடு" என மாறினால் அதன் விலை ஒரு விரலாகவோ உயிராகவோ இருக்கலாம்.

போலிக் குரலும் படிமமும்

2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆரப் என்னும் பொறியியல் நிறுவனத்தின் ஆங்காங் அலுவலகப் பணியாளர் ஒருவர், மேலலுவலர்களைப் போலச் செய்யப்பட்ட போலி நிகழ்படக் கூட்டத்தை நம்பி ஏறத்தாழ 20 கோடி ஆங்காங் டாலரைப் பிறர் கணக்குகளுக்கு அனுப்பினார். பணம் அனுப்புமாறு குரலிலோ நிகழ்படத்திலோ வரும் கட்டளையை, முன்னரே தெரிந்த எண்ணுக்குத் தானே அழைத்து உறுதிப்படுத்துதல் இதற்கு எளிய தடுப்பு முறை ஆகும்.

சட்டங்களும் கொள்கைகளும்

தமிழ்நாடு அரசு 2020 ஆம் ஆண்டில் பாதுகாப்பான மற்றும் நெறிசார் செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மையும் தணிக்கையும், பொறுப்புடைமையும் சட்டச் சிக்கல்களும், தவறான பயன்பாட்டிலிருந்து பாதுகாப்பு, எண்ணிம இடைவெளியும் தரவுப் பற்றாக்குறையும், நெறிமுறை, நியாயமும் சமத்துவமும் என்னும் ஆறு கூறுகளை அது முன்வைத்தது. சாட்ஜிபிடிக்கு இரண்டு ஆண்டுகள் முந்தைய இக்கொள்கை, அரசு தன் சேவைகளில் பயன்படுத்தும் அமைப்புகளை மதிப்பிடுவதையே முதன்மையாகக் கருதியது. தனிப் பணியாளர் தம் கைப்பேசியில் பயன்படுத்தும் கருவியை அன்று. ஆயினும் அதன் கூறுகள் இன்றைய கருவிகளுக்கும் பொருந்துவன.

இந்திய நிதி அமைச்சகம் 2025 சனவரி 29 தேதியிட்ட அறிவுறுத்தலில், அலுவலகக் கணினிகளிலும் சாதனங்களிலும் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற கருவிகளைத் தவிர்க்குமாறு தன் பணியாளர்களைக் கேட்டுக்கொண்டது. அரசு ஆவணங்களின் இரகசியம் காரணமாகக் கூறப்பட்டது. 2025 சூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதித்துறைக்கு வெளியிட்ட கொள்கை, தீர்ப்பு முடிவுகளை எட்ட இக்கருவிகளைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. ஒன்றிய அரசின் செயற்கை நுண்ணறிவு ஆளுகை வழிகாட்டு நெறிகள் 2025 நவம்பரில் வெளியாயின.

பணியாளர்களைப் பொறுத்தவரை பின்வரும் சட்டங்கள் முதன்மையானவை:

* எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 – வாடிக்கையாளர், ஊழியர் ஆகியோரின் தனிநபர் தரவைக் காக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மீது சுமத்துகிறது. தண்டம் 250 கோடி ரூபாய் வரை செல்லக்கூடும். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.
* தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 – ஒப்பந்தத்தின் கீழ்ச் சேவை வழங்கும்போது பெற்ற தனிநபர் தகவலை, இழப்பு விளைவிக்கும் நோக்குடனோ அறிந்தோ வெளியிடுவதை 72அ பிரிவு குற்றமாக்குகிறது.
* அலுவலக இரகசியச் சட்டம், 1923 – பாதுகாப்புத் துறை ஆவணங்களுக்குப் பொருந்தும். ஆவடித் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் வழங்கும் தனியார் பட்டறைகளும் இதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.
* பதிப்புரிமைச் சட்டம், 1957 – கணினியால் ஆக்கப்பட்ட படைப்புக்கு, அதை ஆக்கச் செய்தவரையே ஆசிரியராகக் கொள்கிறது. இன்றைய கருவிகளுக்கு இது எவ்வாறு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது.

பாதுகாப்பான பயன்பாட்டு நெறிகள்

பல நிறுவனங்களின் விதிகளிலும் பொதுவாகக் காணப்படும் நெறிகள் வருமாறு:

* நிறுவனம் ஒப்புதல் அளித்த கருவியை, நிறுவனக் கணக்கின் வழியே மட்டும் பயன்படுத்துதல்.
* கடவுச்சொல், ஆதார் எண், வங்கி விவரம், மருத்துவக் குறிப்பு, வாடிக்கையாளர் வரைபடம், வெளியிடப்படாத விலைப்புள்ளி ஆகியவற்றை இடாதிருத்தல்.
* கேள்வியைப் பொதுமைப்படுத்துதல். வரைபடத்தை ஏற்றுவதற்கு மாறாக, "கரிம எஃகுத் தண்டைக் கடையும்போது மேற்பரப்பு சொரசொரப்பாக வருவதற்குக் காரணங்கள் யாவை" எனக் கேட்டால், எவருடைய இரகசியமும் வெளியேறாமல் பயனுள்ள விடை கிடைக்கும். அவ்விடையை எந்திரத்திலேயே சரிபார்க்கவும் இயலும்.
* எண், தேதி, சட்டப்பிரிவு, மேற்கோள் ஆகியவற்றை மூல ஆவணத்துடன் ஒப்பிடுதல்.
* ஆட்சேர்ப்பு, பணிநீக்கம், கடன், மருத்துவம் போன்ற முடிவுகளை மனிதரே எடுத்தல்.
* கருவியின் உதவியுடன் ஆக்கப்பட்டது என்பதைத் தேவையான இடங்களில் தெரிவித்தல்.
* மின்னஞ்சலிலோ இணையப் பக்கத்திலோ மறைந்திருக்கும் கட்டளைகள் கருவியைத் திசைதிருப்பக்கூடும் என்பதால், அஞ்சல் அனுப்புதல், கோப்பை அழித்தல் போன்ற அதிகாரங்களை அதற்குக் கட்டுப்படுத்தி வழங்குதல்.
* தவறு நேர்ந்தால் உடனே தெரிவித்தல். தெரிவித்தவரைத் தண்டிக்கும் இடத்தில் கசிவுகள் மறைக்கப்படும். மறைக்கப்பட்ட கசிவைத் தடுக்க வழியில்லை.

விமரிசனங்கள்

முழுத் தடை பயனளிப்பதில்லை என்பது ஒரு சாராரின் கருத்து. அலுவலகக் கணினியில் தடுக்கப்பட்ட கருவியைப் பணியாளர் தம் கைப்பேசியில் பயன்படுத்துவர். அப்போது நிறுவனத்துக்கு எதுவும் தெரியாமற் போகும். இது நிழற் பயன்பாடு எனப்படுகிறது. மறுசாரார், பாதுகாப்புத் துறை போன்ற இடங்களில் தடையே பொருத்தமானது என்கின்றனர். வெளி வலைப்பின்னலுடன் இணையாத கணினிகளில் திறந்த மாதிரிகளை இயக்குதல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும். அதற்குத் தேவையான கணினியும் தேர்ச்சியும் சிறு நிறுவனங்களுக்கு எளிதில் கிட்டுவதில்லை.

வேலைவாய்ப்புக் குறித்த அச்சமும் உள்ளது. வாடிக்கையாளர் சேவை, தரவு உள்ளீடு, தொடக்க நிலை நிரலாக்கம் ஆகியன இக்கருவிகளால் எளிதில் பாதிக்கப்படக்கூடியவையாகக் கருதப்படுகின்றன. அம்பத்தூரின் சேவை நிறுவனங்களில் இளைஞர்கள் முதல் வேலை பெறுவதும் இத்துறைகளிலேயே. மேலும், கருவியின் வெளியீட்டைச் சரிபார்க்கும் திறன், அவ்வேலையைக் கையால் செய்து பழகியவருக்கே வரும். தொடக்க நிலை வேலைகள் குறைந்தால் நாளைய சரிபார்ப்பவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்னும் வினா, நிறுவனங்களும் தொழிற்பயிற்சி நிலையங்களும் விடை காண வேண்டிய ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

* செயற்கை நுண்ணறிவு
* பெருமொழி மாதிரி
* தகவல் பாதுகாப்பு
* அம்பத்தூர் தொழிற்பேட்டை
* கனரக ஊர்தித் தொழிற்சாலை, ஆவடி